பெரியப்பாவுக்கு, அந்தப் பச்சை மை கையெழுத்து பத்தி

பெரியப்பா,

இன்னைக்கு அக்டோபர் 4. 2016 சட்டசபை எலெக்சன்ல நம்ம ராதாபுரம் தொகுதியில 203 தபால் ஓட்ட செல்லாதுன்னு தள்ளினது, வெறும் 49 ஓட்டு வித்தியாசத்துல ரிசல்ட் சொன்னது, இதெல்லாம் தொகுதிக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆனா ரிசல்ட் வந்த மே 19-க்குப் பிறகு அந்த கேஸ் பத்தி ஒரு வரி கூட நீங்க படிக்கலன்னு எனக்குத் தெரியும், டிவியில ராதாபுரம்ங்கற பேரு வந்தாலே சேனல மாத்திருவீங்கன்னு பெரியம்மா சொல்லுவாங்க. போன்ல சொன்னா வச்சிருவீங்க. அதான் இங்க எழுதுறேன், தம்பி எப்படியும் உங்களுக்குப் படிச்சுக் காட்டுவான்.

நம்ம சொந்தத்துல ரெண்டு கட்சிக்காரங்களும் இத படிப்பாங்க. நான் கவர்ன்மென்ட் டீச்சர். யாருக்கு ஓட்டு போட்டேன்னு எழுத மாட்டேன், அந்த 2016-ல அ.தி.மு.க. இன்பதுரை ஜெயிச்சதுதான் சரியா, தோத்த தி.மு.க. அப்பாவு ஜெயிச்சிருக்கணுமான்னு என் வாயில இருந்து ஒரு சொல்லும் வராது. நீங்களும் ஒரு நாளும் என்கிட்ட அத கேட்டதில்ல.

எனக்கு மறக்காம இருக்கிறது அந்த சாயங்காலம்தான். எலெக்சன் டியூட்டி போட்டதால எனக்கு தபால் ஓட்டு, உறுதிமொழி படிவத்துல கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வேணும், வேற யார்கிட்ட போவேன், வள்ளியூர்ல பஸ் பிடிச்சு நேரா உங்க வீட்டுக்குத்தான் வந்தேன். கரண்ட் இல்ல. வாசல்ல சேர போட்டு உக்காந்து அந்தப் படிவத்த முன்பக்கம் பின்பக்கம் ஒரு எழுத்து விடாம படிச்சீங்க. அப்புறம் "ஏட்டி, ஐடி கார்ட எடு"ன்னீங்க. தூக்கி வளத்தவரு என்கிட்ட ஐடி கேக்காரேன்னு நான் சிரிச்சேன், நீங்க சிரிக்கல, கார்டுல இருந்த நம்பரையும் படிவத்துல இருந்த நம்பரையும் விரல் வச்சு ஒவ்வொண்ணா ஒத்துப் பாத்தீங்க. உங்க முன்னாலதான் நான் கையெழுத்து போடணும்னு சொல்லி, போட்ட பிறகுதான் பச்சை மை பேனாவ திறந்தீங்க. ஸ்கூல் சீல் காஞ்சு போய் அரைகுறையா விழுந்துச்சு, வாயால ஊதி ஊதி ஈரமாக்கி பக்கத்துலயே இன்னொரு தடவ பலமா குத்தினீங்க. "தெளிவா இருக்கணும், நாளைக்கு ஒருத்தன் குறை சொல்லக் கூடாது."

அந்த சீல்ல இருந்தது நடுநிலைப் பள்ளி தலைமையாசிரியர். நடுநிலைப் பள்ளி ஹெச்.எம். கெஜட்டட் ஆபீசர் இல்ல, அத்தாட்சி செல்லாதுன்னுதான் அந்த 203 தபால் ஓட்டையும் தள்ளினாங்க. உங்க கையெழுத்து இருந்த என் கவரும் அதுல ஒண்ணான்னு எனக்கு யாரும் சொல்லல. ஆனா ஊருக்கு அது போதும்லா. அந்தக் கல்யாண வீட்டுப் பந்தியில, சாரு கையெழுத்து செல்லாதாம்லான்னு ஒருத்தன் கேட்டான், நாலு பேரு சிரிச்சாங்க, நீங்க இலைய மடக்கிட்டு எந்திரிச்சீங்க. நான் எதிர் வரிசையில இருந்தேன். ஒண்ணும் பேசல. மன்னிச்சிருங்க பெரியப்பா. ஆனா நான் என்ன பேசியிருக்க முடியும், கேட்டவன் கட்சிக்காரன், பதில் சொன்னா டீச்சரு இந்தக் கட்சின்னு மறுநாளே பெட்டிஷன் போயிருக்கும், எனக்கு அப்பதான் ரெகுலர் ஆன நேரம். இதெல்லாம் உங்களுக்குப் புரியாததா? புரிஞ்சும்தானே என்கிட்ட முகம் குடுத்துப் பேசுறத நிறுத்துனீங்க.

சரி, நீங்க படிக்காதத சொல்றேன். தபால் ஓட்டுல ரெண்டு சின்ன சமாச்சாரம் இருக்கு, ஓட்டுச் சீட்டு உள்கவர்ல, உறுதிமொழி தனியா, ரெண்டும் சேந்து பெரிய கவர்ல. உறுதிமொழியில குறைன்னு முடிவு பண்ணிட்டா உள்கவர பிரிக்கவே மாட்டாங்க. அதாவது அந்த 203 பேரும் யாருக்குப் போட்டாங்கன்னு பாக்காமலே தள்ளியாச்சு, ஜெயிச்ச வித்தியாசமோ 49. எந்தக் கட்சிக்காரனா இருந்தாலும் இது கோர்ட்டுக்குப் போற விஷயம்தான், அப்பாவு கேஸ் போட்டார். தேர்தல் வழக்க ஆறு மாசத்துல முடிக்க முயற்சி பண்ணணும்னு மக்கள் பிரதிநிதித்துவ சட்டமே சொல்லுது. ஹைகோர்ட் தீர்ப்பு வந்தது 2019 அக்டோபர் 1. மூணு வருசத்துக்கு மேல. அந்த தபால் ஓட்டையும், 19, 20, 21-வது சுற்று மெஷின் ஓட்டையும் திரும்ப எண்ணணும்னு நீதிபதி ஜெயச்சந்திரன் உத்தரவு போட்டார். நடுநிலைப் பள்ளி ஹெச்.எம். அத்தாட்சி போட்டாருங்கறதுக்காக தள்ளினது சரியில்லன்னுதான் அந்தத் தீர்ப்பு. கேட்டீங்களா? உங்க கையெழுத்துக்கு நீங்க தலை குனியணும்னு எந்த ஹைகோர்ட்டும் சொல்லல.

அதே வருசம் அக்டோபர் 4 ஹைகோர்ட் வளாகத்துலயே எண்ணினாங்க. அதே நாள் சுப்ரீம் கோர்ட், எண்ணிக்கோங்க, ரிசல்ட்ட மட்டும் அறிவிக்காதீங்கன்னுட்டு. ஓட்டு எண்ணி முடிச்சு அது என்னன்னு ஓட்டு போட்டவளுக்கே சொல்லாத நாள் அது, நான் அன்னைக்கு ஸ்டாஃப் ரூம்ல போன கையில வச்சுட்டு சாயங்காலம் வரைக்கும் காத்துட்டு இருந்தேன். அந்த சட்டசபை காலம் முடியுற வரைக்கும் ரிசல்ட் வெளிய வரல. 2021-ல அதே ரெண்டு பேரும் திரும்ப மோதினாங்க, அப்பாவு ஜெயிச்சு சபாநாயகரே ஆயிட்டார். ஊரு மறந்துட்டு பெரியப்பா, பந்தியில சிரிச்சவனுக்கு அந்த 49 கூட இப்ப ஞாபகம் இருக்காது.

நீங்க மட்டும் மறக்கல. அதுலதான் எனக்குக் கோவம். தீர்ப்பு வந்த மறுநாள் பேப்பர எடுத்துட்டு ஓடி வந்தேன், ஞாபகம் இருக்கா, நீங்க அத வாங்கி மடிச்சு என் பையிலயே திணிச்சு "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்பு"ன்னீங்க. உங்க மானம் போச்சு உங்க மானம் போச்சுன்னே இத்தன வருசம் வீடு பூரா பேச்சு. அது என் ஓட்டு. அந்த உள்கவர ஒட்டினது நான். தள்ளியிருந்தா போனது என் ஓட்டு, உங்க மானம் இல்ல. அதுக்காக அழ வேண்டியவளும் நான்தான், அதுக்கும் இடம் விடாம நீங்களே எல்லாத்தையும் எடுத்துக்கிட்டீங்க.

இப்பெல்லாம் டியூட்டிக்காரங்க படிவத்தத் தூக்கிட்டு கையெழுத்துக்கு அலைய வேண்டாம். 2024 எம்.பி. எலெக்சன்ல ட்ரெய்னிங் நடந்த இடத்துலயே ஓட்டு போடுற சென்டர் வச்சிருந்தாங்க, அத்தாட்சிக்கு ஆபீசரும் அங்கயே இருந்தார். நிமிர்ந்து கூடப் பாக்காம கையெழுத்து போட்டுத் தள்ளினார், வரிசை நீளம், அவரயும் குறை சொல்ல முடியாது. நம்பர ஒத்துப் பாக்க ஒருத்தரு இல்லையேன்னு இருந்துச்சு எனக்கு.

தீபாவளி லீவுக்கு வாரேன். தீர்ப்புல அந்த ஹெச்.எம். பத்தின பகுதிய பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன், இங்கிலீஷ்லதான் இருக்கு, உங்களுக்கு அது பிரச்சினையில்ல. முன்பக்கம் பின்பக்கம் படிங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு இந்தத் தடவ சொல்லாதீங்க, நான் தங்கத்தான் வாரேன். நீங்க எந்திரிச்சு தோட்டத்துக்குப் போனாலும் பெரியம்மாவ உக்கார வச்சு சத்தமா படிச்சுக் காட்டத்தான் போறேன்.