செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம். நாகர்கோவில் நகரில் இயங்கிவரும் நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டறிக்கையை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

சுதந்திர தினக் கொடியேற்றமும், கண் பரிசோதனை முகாமும், பொங்கல் விளையாட்டுப் போட்டிகளும் வழக்கம்போல் நடைபெற்றன. செயற்குழு மாதந்தோறும் கூடியது. போதிய உறுப்பினர்கள் வராமல் ஒத்திவைக்கப்பட்ட கூட்டங்கள் இதில் சேரா.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, வெளியூர்க்காரரும் நம் பிள்ளைகளும் வழிகாட்டி எவருமின்றி, வரைபடத் தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பழைய நகரை நடந்தே காண்பதற்கான பாதையை வகுத்ததாகும். பாதையை எங்கே தொடங்குவது என்பதிலேயே சில கூட்டங்கள் கழிந்தன. கோயிலில் தொடங்க வேண்டும் என்போர் ஒருபுறமும், பேராலயத்தில் தொடங்க வேண்டும் என்போர் மறுபுறமுமாக நிற்க, மணிமேடைக்கு முதல் எண்ணை இட்டு நான் அதை முடித்துவைத்தேன். 1893இல் திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில் எழுந்த மணிக்கூண்டு அது; அதன் கடிகாரத்தைக் கொடுத்தவர் லண்டன் மிஷனைச் சேர்ந்த டதி ஐயர். அரசருக்கும் பாதிரியாருக்கும் பங்குள்ள ஓர் இடத்தை ஆட்சேபிக்க எவருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

அடுத்தது நாகராஜா கோயில். ஓலை வேய்ந்த கருவறையையும் பிரசாதமாகத் தரப்படும் ஈரமண்ணையும் எல்லோரும் அறிவர். தூண்களை நின்று பார்ப்பவர் குறைவு. படமெடுத்த பாம்பின் கீழுள்ள உருவத்தை நாகராஜா என்றே கும்பிட்டு நகர்கின்றனர். அது சமணத் தீர்த்தங்கரரான பார்சுவநாதரின் உருவம். குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்னும் சமணர்களைக் குறிப்பிடும் இக்கோயில் கல்வெட்டுகள் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தவை. வரைபடத் தாளில் இதற்கு இத்தனை வரிகள் எதற்கு என்று கேட்கப்பட்டது. சொல்லித்தர ஆள் இல்லாத நடையில் தாள்தான் பேச வேண்டும் என்பதே அன்றும் இன்றும் என் பதில்.

1819இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஹோம் சர்ச், வேப்பமூடு, செட்டிகுளம் வழியாகப் பாதை கோட்டாற்றை அடைகிறது. அங்குள்ள சவேரியார் பேராலயத்தில்தான் 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை அடக்கம் செய்யப்பட்டார். தூரம் கூடுகிறது என்று கூறி, சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரின் மணிமண்டபம் உள்ள இடலாக்குடியை நீக்கச் சொன்னவர்கள் உண்டு. நான் நீக்கவில்லை, நடக்க இயலாதோர் கோட்டாற்றில் பஸ் ஏறலாம். கோட்டாற்றுக் கடைவீதியில் நடைபாதையை இருசக்கர வாகனங்களும் விளம்பரப் பலகைகளும் அடைத்துக்கொள்வதால், கடைகள் திறக்குமுன் அப்பகுதியைக் கடந்துவிடுமாறும் தாளில் அச்சிட்டுள்ளோம்.

தாளைச் சரிபார்க்க ஒரு ஞாயிறு காலை நடத்திய வெள்ளோட்டத்திற்குப் பெயர் கொடுத்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் வரவில்லை. மழை என்று பின்னர் காரணம் கூறப்பட்டது. அன்று மழை பெய்யவில்லை. வந்தவர்களிலும் சிலர் வேப்பமூட்டில் தேநீர் அருந்தியதோடு விடைபெற்றனர். தாள் தெளிவாக இருக்கிறதா என்பதை இறுதிவரை நடந்து சோதித்தவர்கள் இரண்டு கல்லூரி மாணவியர் மட்டுமே. அவர்கள் நம் உறுப்பினர்களும் அல்லர்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக உள்ளன. அச்சுச் செலவு எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடியது. பில்கள் என்னிடம் உள்ளன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அச்செலவு வீண் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதிய உறுப்பினருக்குச் சந்தா நிலுவை உள்ளது என்பதைப் பதிவுசெய்வது என் கடமை. பெயரைச் சொல்வது கடமையன்று. உறுப்பினர்களில் ஒரு பெரும்பகுதியினரின் நிலையும் அதுவே.

ஒத்துழைத்த தலைவர், துணைத்தலைவர், அச்சகத்தார், மன்றக் கூடத்தைத் திறந்து வைக்கும் காவலர் ஆகியோருக்கு நன்றி.

வரும் ஆண்டில் வடசேரியைத் தொடங்கிடமாகக் கொண்டு, கோயில் நகை செய்வோர் தெருக்களையும் ஒழுகினசேரி சோழராஜா கோயிலையும் இணைக்கும் இரண்டாவது பாதையின் வரைவு தயாராக உள்ளது. அதை அச்சிடப் பணம் இல்லை. செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால், வரைவையும் பில்களையும் இன்றே ஒப்படைக்க ஆயத்தமாக உள்ளேன். அவ்வாறு எவரும் முன்வராவிடில், பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருக்கிறார் என்பதைத் தெரிவித்துக்கொண்டு, இவ்வறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்