நாலாவது வரியில் சொந்த லொறி

ஸ்காபரோ, கனடா,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நேற்றுத்தானே போனில் பேசினோம், எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் நீங்கள் "சொந்த லொறி எப்போ?" என்று கேட்பீர்கள், நான் "பார்ப்போம் அப்பா" என்பேன், அதற்குள் அம்மா போனை வாங்கிவிடுவார். இரண்டு வருஷமாக இதுதான் நடக்கிறது.

போன மாதம் ஒரு கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் எனக்கு என்ன வேண்டும் என்று நாலு வரி எழுதினேன். சொந்த லொறி நாலாவது வரி. கோபிக்காமல் வாசியுங்கள்.

இங்கே பெரிய லொறிக்கு ஏ.இசட். லைசன்ஸ். 2017 ஜூலையிலிருந்து ஒன்ராறியோவில் குறைந்தது 103.5 மணித்தியாலம் பயிற்சி எடுக்காமல் அந்த ரோட் டெஸ்டுக்கே விடமாட்டார்கள். அந்த அரை மணித்தியாலம் எதற்கு என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. கொழும்பு புறக்கோட்டையில் லொறி ஓட்டியவன் என்று வாத்தியாரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு லொறியில் கொழுவிய 53 அடிப் பெட்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார். நான் ஸ்டியரிங்கை இடப்பக்கம் வெட்ட, பெட்டி வலப்பக்கம் போகிறது. நாலாம் குறுக்குத் தெருவில் மூட்டை தூக்குகிற நாட்டாமிமார் பலகையில் தட்டி "எண்ட, எண்ட, ஹரி!" (வா, வா, சரி) என்று சிங்களத்தில் கத்த, வெங்காய மூட்டைக்கும் கைவண்டிக்கும் நடுவில் ஒரே வெட்டில் விடுவீர்களே, அந்த வித்தை ஒன்றும் இங்கே எடுபடவில்லை. கடைசியில் ஒரு வயதான பஞ்சாபிக்காரர் வந்து, ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடிக்கச் சொன்னார். பெட்டியின் வால் எந்தப் பக்கம் போகவேண்டுமோ, அந்தப் பக்கம் கையை நகர்த்து, அவ்வளவுதான் என்றார். அவ்வளவுதான்! இப்போதும் ஒவ்வொரு தடவையும் கை தானாகக் கீழே போகிறது.

நான் ஓடுவது டொரொண்டோவுக்கும் மொன்றியலுக்கும் நடுவில், ஒரு பக்கம் 540 கிலோமீற்றர் அளவில். பெரும்பகுதி 401 நெடுஞ்சாலை. அந்த ஒரு ரோட்டின் நீளம் மட்டும் 828 கிலோமீற்றர். இலங்கையின் வடக்கு முனை பருத்தித்துறையிலிருந்து தெற்கு முனை தெய்வேந்திரமுனைக்கு ரோட்டால் போகிற தூரத்தைவிடக் கூட. கண்டி ரோட்டுக் கடுகண்ணாவை மாதிரி ஒரு வளைவு கிடையாது. நித்திரைதான் எதிரி. நீங்கள் பிளேன்டீயைக் குடித்துக் குடித்து விடிய விடியத் தம்புள்ளையிலிருந்து மரக்கறி கொண்டுவந்த மாதிரி இங்கே செய்ய முடியாது. ஒரு நாளில் 13 மணித்தியாலத்துக்கு மேல் ஓடக்கூடாது. லொறியோடு பொருத்திய மின்கருவி நிமிஷக் கணக்காக எழுதிக்கொண்டே இருக்கும். அதை லேசில் ஏமாற்ற முடியாது, நல்லதுதான்.

ஜனவரியில் ஒரு காலை, மைனஸ் 22. புறப்பட முதல் எயர் பிரேக்கைச் சோதிக்கவேண்டும். பெடலை மிதித்து மிதித்துக் காற்றை இறக்க, காற்றழுத்த முள் 60க்குக் கிட்ட வரும்போது பஸர் அலறவேண்டும். அன்று அலறவில்லை. ஓட்டங்களைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்பாச்சுக்கு எடுத்துச் சொன்னேன். "சரக்கு லேட், இன்றைக்கு ஓடு" என்றான். நான் அறிக்கையில் பிழையை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிவிட்டேன். அந்த நாள் சம்பளம் போச்சு. என் கொப்பியில் முதல் வரி அதுதான்: மூன்று வருஷம் ரெக்கோட்டில் ஒரு கீறல் இல்லாமல் ஓடுவது. கறுப்புப் புள்ளி விழுந்தவனுக்கு இன்சூரன்ஸ்காரன் கதவைத் திறக்கமாட்டான். பிறகு சொந்த லொறி இருந்து என்ன, இல்லாமல் என்ன?

இரண்டாவது வரி, வெள்ளி இரவு வீட்டில் சாப்பிடுவது. வின்னிபெக் பக்கம் நீண்ட ஓட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், மைல் கூட, காசும் கூட. வேண்டாம் என்றேன். என் சின்ன மகள் என்னை "லொறி மாமா" என்று கூப்பிட்ட கதையை அம்மா சிரித்துச் சிரித்துச் சொல்லியிருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களுக்கு இருக்கிற சீனி வியாதியும் இதே வரியில்தான் சேரும். உட்கார்ந்தே இருக்கிற தொழில். அதனால் சோறும் பருப்பும் வீட்டிலிருந்து கட்டிப்போகிறேன், நிறுத்துகிற இடமெல்லாம் லொறியைச் சுற்றி நாலு தரம் நடக்கிறேன்.

மூன்றாவது கொஞ்சம் நீளமான கதை. முதலில் சேர்ந்த இடத்தில் (பெயர் எதற்கு) என் பெயரில் ஒரு கொம்பனி பதியச் சொன்னார்கள். "இனி நீதான் முதலாளி" என்றார்கள். லொறி அவர்களுடையது, ரூட் அவர்களுடையது, நேரம் அவர்களுடையது. முதலாளிக்கு லீவுச் சம்பளம் இல்லை, வேலை போனால் அரசாங்கக் காப்புறுதியும் இல்லை, வரியை மட்டும் அவனே கட்டவேண்டும். ஏழு மாதத்தில் விட்டேன். கடைசி இரண்டு கிழமைச் சம்பளம் இன்னும் வரவில்லை. முதலாளி என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறேன்.

அதனால் மூன்றாவது வரி இது: ஒரு எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிற அளவு காசு முதலில் வங்கியில் இருக்கவேண்டும். லொறிக்கு முற்பணம் அதற்குப் பிறகுதான். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். லீசிங்காரர் நம்முடைய லொறியை எடுத்துக்கொண்டு போன அன்று நான் ஜிந்துப்பிட்டிக் கோவில் வாசலில் நின்றேன். தவணை கட்ட வைத்திருந்த காசெல்லாம் எஞ்சினுக்குப் போனதை அன்றிரவு அம்மாதான் சொன்னார். நீங்கள் மோசமாக ஓட்டவில்லை அப்பா. கையில் மிச்சம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது ஒவ்வொரு கிழமையும் எழுதுகிறேன்: எத்தனை மைல், எத்தனை மணித்தியாலம் சும்மா காத்திருந்தேன், கையில் என்ன வந்தது. போன கிழமை 2,050 மைல், காத்திருந்தது 11 மணித்தியாலம். மைலுக்குத்தான் சம்பளம், காத்திருந்ததற்கு ஒரு சதம் இல்லை. சொந்த லொறி என்றால் அந்த 11 மணித்தியாலத்துக்கான லொறிச் செலவும் என் தலையில்தான் விழும்.

ஒரு உதவி செய்யுங்கள். உங்களுடைய பழைய கணக்குக் கொப்பி, நீல மட்டை, அலுமாரிக்கு மேலே இருந்தால் தம்பியை ஏறி எடுக்கச் சொல்லுங்கள். டயர் மாற்றிய திகதியும் கராஜ் பில் எழுதிய பக்கமும் போதும், போட்டோ பிடித்து அனுப்பட்டும். எழுதாமல் விட்ட செலவுகளை ஞாபகம் இருக்கிற வரைக்கும் பக்கத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள். அம்மாவுக்குத் தெரியாமல் கொடுத்ததும் சேர்த்துத்தான்.

அன்பு மகன்