ஆய்வகத்தை மாலையில் திறந்து வையுங்கள்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களுக்கும், உற்பத்திப் பொறியியல் துறைத்தலைவர் அவர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் நீங்கள் கையெழுத்திட்ட சுற்றறிக்கையைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்தச் சுற்றறிக்கை என்று விளக்க வேண்டியதில்லை. எங்கள் வகுப்பிலிருந்து மூன்று முறை மனுவாக உங்கள் மேசைக்கு வந்து, மூன்று முறையும் "ஆவன செய்யப்படும்" என்ற பதிலோடு திரும்பிய விஷயம். பகுதிநேர பி.இ. மாணவர்களின் ஆய்வக வகுப்புகள் "நிர்வாகக் காரணங்களால்" இனி புதன்கிழமை பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை. வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தேர்வு எழுத முடியாது என்பதைத் தடித்த எழுத்தில் வேறு போட்டிருந்தீர்கள்.

மனு எழுதி அலுத்துவிட்டதால் இந்த முறை ஊரறிய எழுதுகிறேன். கேட்பது ஒன்றே ஒன்று. எங்கள் ஆய்வக வகுப்பைப் பழையபடி மாலை 6.15க்கு மாற்றுங்கள். வாரநாளில் முடியாதென்றால் ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், வருகிறோம்.

இந்தப் படிப்பில் சேர டிப்ளமோ சான்றிதழ் மட்டும் போதாது, வேலை அனுபவச் சான்றும் வேண்டும் என்றீர்கள். இப்போதும் வேலையில் இருக்கிறேன், படிக்க ஆட்சேபணை இல்லை என்று முதலாளியிடம் கடிதம் வாங்கி வந்தால்தான் இடம் என்றீர்கள். வாங்கி வந்தோம். ஆட்சேபணை இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்தது மாலை வகுப்புக்கு. சேரும்போது வேலையில் இருந்தே ஆக வேண்டும், சேர்ந்தபின் புதன்கிழமை மதியம் மட்டும் வேலையில் இருக்கக் கூடாது என்றால், அந்தக் கடிதத்தை எந்தக் கோப்பில் வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

நான் கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் சி.என்.சி. லேத், அதாவது கணினி வழி ஓடும் கடைசல் மிஷின், ஓட்டுகிறேன். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாப்ட் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க். மிஷின் நான்கு, ஆள் ஆறு. காலை எட்டரைக்கு உள்ளே போனால் மாலை ஐந்தரைக்கு வெளியே. ஆத்துப்பாலம் – உக்கடம் மேம்பாலம் திறந்தபிறகு ஆறேகாலுக்குள் வகுப்பில் உட்கார்ந்துவிட முடிகிறது. அதற்கு முன்பு முதல் பாடவேளையில் பாதி போய்விடும். கிரீஸ் நாற்றத்தோடுதான் வருவோம். அதற்காக எந்தப் பேராசிரியரும் இதுவரை முகம் சுளித்ததில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். பகல் முழுக்க வகுப்பெடுத்துக் களைத்த மனிதர்கள் இரவு ஒன்பதேகால் வரை எங்களுக்கும் நின்றுகொண்டே எடுக்கிறார்கள். என் வருத்தம் அவர்கள் மேல் இல்லை.

சுற்றறிக்கையை முதலாளியிடம் காட்டினேன். அவரும் லேத்தில் நின்று மேலே வந்தவர்தான். "ஏந்தம்பி, காலேஜ் ராத்திரிதானுங்கன்னு சொல்லித்தான கடிதாசி வாங்குன?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரு மிஷின் மூன்று மணி நேரம் நின்றால் என்ன நட்டம் என்பதை அவர் எனக்குச் சொல்லவும் வேண்டியதில்லை. மிஷினுக்கு வங்கித் தவணை ஓடுகிறது, அது புதன்கிழமைக்கு விடுமுறை தராது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். புதன் பகலில் வராதே, இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஓட்டிக் கொடு, வியாழன் மதியம் ஒரு மணிக்கு வந்தால் போதும். இதைவிடப் பெருந்தன்மையாக எந்த முதலாளியும் சொல்லியிருக்க மாட்டார்.

ஆக, என் புதன்கிழமை இப்படிப் போகிறது. பகல் இரண்டு முதல் ஐந்து வரை ஆய்வகம். ஆறேகால் முதல் ஒன்பதேகால் வரை வகுப்பு. பத்து மணிக்கு மிஷின். காலையில் தூங்கிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கும் ஒற்றை அறை வீட்டில் பகலில் தூங்கிக் காட்டுபவருக்கு முனைவர் பட்டமே கொடுக்கலாம்.

மூன்றாவது புதன்கிழமை இரவு ஓடிக்கொண்டிருந்தது ஈ.என்.8 என்ற எஃகில் ஷாப்ட். பேரிங் உட்காரும் இடத்தில் விட்டம் 25 மி.மீ., அளவு வரம்பு கே6. அதாவது 25க்கு மேலே 2 மைக்ரானிலிருந்து 15 மைக்ரானுக்குள் நிற்க வேண்டும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மொத்தமே 13 மைக்ரான் இடம். பெரிய கம்பெனியில் இதைக் கிரைண்டிங்கில் கொண்டுவருவார்கள், நாங்கள் டர்னிங்கிலேயே பிடிக்கிறோம். வெட்டுகிற முனையான இன்சர்ட் தேயத் தேய விட்டம் ஏறும். அதற்கேற்ப ஆப்செட்டை, அதாவது மிஷினில் அடித்து வைக்கும் அளவுத் திருத்தத்தை, குறைத்துக்கொண்டே வர வேண்டும். விடிகாலை மூன்றரை மணிக்கு 0.005 குறைக்க வேண்டிய இடத்தில் 0.05 என்று அடித்தேன். ஒரு சைபர் விட்டுப்போனது. 5 மைக்ரானுக்குப் பதில் 50 மைக்ரான் இறங்கிவிட்டது. ஆப்செட் மாற்றினால் அடுத்த பீஸை மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்க்காமல் ஓட்டக் கூடாது என்பது அப்ரண்டிஸ் பையனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும், ஆறு வருடமாக. அன்றைக்குக் கதவை மூடி ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிட்டு மிஷின் மேல் சாய்ந்து நின்றேன். நினைவு வந்து அளந்தபோது 14 ஷாப்ட் போயிருந்தது. அளவு கூடியிருந்தால் இன்னொரு வெட்டு ஓட்டிக் காப்பாற்றலாம். குறைந்துபோனதை என்ன செய்வது? பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும்.

முதலாளி திட்டவில்லை, சம்பளத்திலும் பிடிக்கவில்லை. பதினான்கையும் எண்ணிப் பார்த்துவிட்டு, "தூங்கிட்டியா சாமி?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் உங்களுக்கு இந்த மடல்.

ஏனென்றால், அந்தப் புதன்கிழமை பிற்பகல், இவ்வளவையும் ஏற்பாடு செய்துகொண்டு உங்கள் ஆய்வகத்துக்கு வந்து நான் செய்த வேலை என்ன தெரியுமா? பென்சிலால் படம் வரைந்தேன். அன்று பயிற்சி மிஷினின் கன்ட்ரோல் பழுது. இருந்த இரண்டு லேத்திலும் முழுநேர மாணவர்களின் வேலைத்துண்டு மாட்டியிருந்தது, கழற்றக் கூடாது என்றார்கள். எனவே ரெக்கார்டு நோட்டில் சி.என்.சி. லேத்தின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்னார்கள். சி.என்.சி. லேத்தை நிறுத்திவிட்டு வந்து சி.என்.சி. லேத்தின் படத்தை வரைந்தேன். ஹெட்ஸ்டாக், டரெட், டெயில்ஸ்டாக் மூன்றுக்கும் அம்புக்குறி போட்டேன். கோடு நேராக இல்லை என்று ஒரு மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, கோடு நேராக இல்லைதான்.

என்னுடையதாவது பரவாயில்லை. அரசூர்ப் பக்கம் பவுண்டரியில் உருக்குப் பிரிவில் இருக்கும் ஒரு அண்ணன் எங்களோடு படிக்கிறார். வயது 38. அவருடைய உலை புதன்கிழமை மதியம்தான் ஊற்றுக்குத் தயாராகும். அவர் மூன்று வாரம் வரவில்லை, நான்காவது வாரம் முதல் மாலை வகுப்புக்கும் வரவில்லை. போன் செய்தால், "விடு தம்பி, பையன் இப்போ பிளஸ் டூ, அவன் படிக்கட்டும்" என்கிறார். ஐந்தாம் பருவம் வரை வந்தவர். இன்னும் இரண்டு பருவம்தான் பாக்கி. வார்ப்பில் பிளோ ஹோல், அதாவது வாயு அடைத்து உண்டாகும் ஓட்டை, எப்படி விழுகிறது என்று ஒருநாள் அவர் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது பேராசிரியரே உட்கார்ந்து கேட்டார். அந்த மனிதருக்கு நீங்கள் வார்ப்பு ஆய்வகத்தில் வருகைப்பதிவு போதாது என்று எழுதப் போகிறீர்கள்.

ஆய்வகத்தை மாலையில் திறப்பதில் என்ன சிக்கல் என்பதும் எங்களுக்குத் தெரியாமலில்லை. ஆய்வக உதவியாளர்களின் பணிநேரம் ஐந்தோடு முடிகிறது. அவர்களுக்கும் வீடு உண்டு, பிள்ளைகள் உண்டு. ஷிப்ட் பார்க்கிற நாங்கள் இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் வேறு யார் புரிந்துகொள்வது? ஆனால் அவர்களிடம் பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன். வாரத்தில் ஒருநாள் மதியம் பன்னிரண்டுக்கு வந்து இரவு ஒன்பதேகால் வரை இருக்கத் தயார் என்றே சொல்கிறார்கள். எழுத்தில் உத்தரவும், அதற்கு ஈடாக நேரமோ படியோ கிடைத்தால் போதும் என்கிறார்கள். உங்கள் ஒரு கையெழுத்தில் முடிகிற விஷயம். பணியில் இருப்பவர்களுக்கான வகுப்புகளை அவர்களுக்கு வசதியான நேரத்தில் நடத்துவதற்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. 2023-24ஆம் கல்வியாண்டிலேயே வழிசெய்திருக்கிறது. டெல்லியில் இருப்பவர்களுக்கே எங்கள் ஷிப்ட் நேரம் புரிந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் கல்லூரியில் "தொழில்துறை – கல்வி நிலைய இணைப்பு" என்று கருத்தரங்கு நடந்தது. நுழைவாயிலில் பிளக்ஸ், அதில் ரோபோவின் கை மனிதக் கையைக் குலுக்குகிற படம். நான்காம் தொழிற்புரட்சி பற்றி மூன்று பேர் பேசினார்களாம், பொன்னாடை போர்த்தினார்களாம். 1937இல் மின்மோட்டார் செய்த ஊர், ஜி.டி. நாயுடுவின் ஊர் என்று கட்டாயம் யாராவது சொல்லியிருப்பார்கள், இந்த ஊர் மேடையில் அதைச் சொல்லாமல் மைக்கை விட்டு இறங்க முடியாது. மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் கல்லூரியில் உட்கார்ந்து படிப்பதையே வீண் என்று நினைத்தவர் அவர் என்பதை யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை. நாங்கள் யாரும் போகவில்லை, கருத்தரங்கு காலை பத்து மணிக்கு. ஐயா, தொழில்துறையைத் தேடி நீங்கள் எங்கேயும் போக வேண்டாம். தினமும் மாலை ஆறேகாலுக்கு 32 பேராக அது உங்கள் கேட்டில்தான் நிற்கிறது. முழுநேர ஸ்டிக்கர் ஒட்டாத பைக்கை உள்ளே விட மாட்டேன் என்று வாட்ச்மேன் அதைத் திருப்பி அனுப்புகிறார்.

அலுவலகக் கவுன்டர் நாலரைக்கு மூடுகிறது. ஒரு போனபைட் சான்றிதழுக்கு அரைநாள் லீவு. நூலகம் எட்டு மணிக்கு, அதாவது நாங்கள் வகுப்பில் இருக்கும்போதே பூட்டப்படுகிறது. கேன்டீனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், எதிரே டீக்கடைக்காரர் இல்லாவிட்டால் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் பசியிலேயே அரியர் வைத்திருப்பார்கள். வளாக நேர்காணலில் பகுதிநேரத்தாருக்கு இடமில்லை, "நீங்கள்தான் ஏற்கெனவே வேலையில் இருக்கிறீர்களே" என்பது பதில். அந்த வேலையை நினைவில் வைத்திருப்பவர்கள் ஆய்வகத்துக்கு நேரம் குறிக்கும்போது மட்டும் ஏன் மறந்துவிடுகிறார்கள்?

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். கவுன்டரும் கேன்டீனும் இருக்கட்டும். பைக்கை வெளியிலேயே நிறுத்திக்கொள்கிறோம். இந்தப் பருவத்துக்கு ஆய்வகம் ஒன்று போதும்.

புதன்கிழமை மதிய ஆய்வகத்தை மாலை 6.15க்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ மாற்றித் தருமாறும், இதுவரை தவறிய வகுப்புகளுக்கு இரண்டு ஞாயிறு ஈடுவகுப்பு வைத்து வருகையைச் சரிசெய்து தருமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். பவுண்டரி அண்ணனிடம் நான் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசித் தேதிக்கு முன்பு உத்தரவு வந்தால் அவரைத் திரும்ப அழைத்து வந்துவிட முடியும். அதற்குப் பின்னால் வந்தால் முடியுமா என்று தெரியவில்லை.

உத்தரவை வழக்கம்போல் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கட்டடத்தை ஐந்தரைக்குப் பூட்டிவிடுகிறார்கள். எதிர் டீக்கடையில் கொடுத்தால் அன்றிரவே எல்லோருக்கும் வந்து சேரும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மாணவன்,
ஐந்தாம் பருவம், பகுதிநேர பி.இ. உற்பத்திப் பொறியியல்