இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள்: பெங்களூரில் மென்பொருள் எழுதும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெளிவட்டச் சாலையிலும் ஒயிட்ஃபீல்டிலும் கோரமங்களாவிலும் உட்கார்ந்து மென்பொருள் எழுதும், சோதிக்கும், எந்த வசதி எந்தப் பதிப்பில் வர வேண்டும் என்று முடிவெடுக்கும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் அல்சூரில் சின்னதாக ஒரு கணக்கு அலுவலகம் நடத்துகிறேன். லாரி ஆபீஸ், பெயின்ட் கடை, மெஸ், மருந்துக் கடை என்று வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் நம்ம ஊர்க்காரர்கள். தமிழ்ச் சங்கத்துக்கு வந்துபோகிற உங்களில் சிலரை முகம் பார்த்தே தெரியும். நல்ல நாளும் அதுவுமாக வேலை விஷயம் பேச வேண்டாமே என்று அங்கே கேட்காமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். மென்பொருளுக்கு ஒரே பெயர், ஒரே சின்னம், ஒரே சந்தா. ஆனால் விண்டோஸில் போட்டால் கிடைப்பது ஒன்று, ஆப்பிளின் மேக் கணினியில் போட்டால் கிடைப்பது வேறொன்று. வித்தியாசம் இருக்கட்டும், அதற்குக் காரணங்கள் உண்டு. அதை வாங்குகிறவரிடம் சொல்வதில்லையே, அங்கேதான் எனக்கு வருத்தம். கோபம் வருவது அடுத்த கட்டத்தில்.

கலாசிபாளையத்தில் லாரி ஆபீஸ் வைத்திருக்கும் சங்ககிரிக்காரர் ஒருவருக்கு நாங்கள் கணக்கு எழுதுகிறோம். லாரித் தொழிலில் மொத்தச் செலவைத் தெரிந்துகொண்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. எந்த வண்டி சம்பாதிக்கிறது, எந்த வண்டி தின்கிறது என்று தெரிய வேண்டும். அதனால் டீசல், டயர், டோல், டிரைவர் பேட்டா எல்லாமே வண்டி வாரியாக காஸ்ட் சென்டரில், அதாவது செலவைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் தலைப்பில், ஏறும். அவருடைய மகள் படிப்பு முடித்து ஆபீஸுக்கு வந்ததும் மேக் வாங்கினார். நாங்கள் பயன்படுத்திய கணக்கு மென்பொருளை (பெயர் வேண்டாம்) விற்றவர், "மேக்லயும் இருக்கு சார், அதே ஃபைல்தான், அப்படியே திறக்கும்" என்றார். அவர் சொன்னபடியே திறந்தது. அந்தப் பெண் ஒரு டயர் பில்லின் தேதியைத் திருத்தி, சேமித்து, எனக்கு அனுப்பி வைத்தார். இங்கே விண்டோஸில் திறந்தால் வருடம் முழுவதற்கும் போட்டிருந்த காஸ்ட் சென்டர் பிரிப்பைக் காணோம்.

நடந்தது என்னவென்றால், மேக் பதிப்பில் காஸ்ட் சென்டர் என்ற வசதியே கிடையாது. கோப்பில் அது இருப்பதைப் பார்த்தும் கண்டுகொள்ளாமல் திறந்தது; சேமிக்கும்போது தனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதி, மற்றதை விட்டுவிட்டது. ஒரு எச்சரிக்கை கூட வரவில்லை. பற்றும் வரவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் டிரையல் பேலன்ஸ் ஒரு பைசா பிசகாமல் நின்றது, லாப நட்டக் கணக்கு சரியாக இருந்தது. மொத்தம் சரியாக இருந்தால் யார் உள்ளே போய்ப் பார்ப்பார்கள்? பழைய வண்டி ஒன்றை விற்றுவிடலாமா என்று ஓனர் கணக்குக் கேட்டிருக்காவிட்டால், இது இன்னும் எத்தனை மாதம் ஓடியிருக்குமோ. பேக்கப் இருந்ததால் தப்பித்தோம். உதவி எண்ணில் பேசியவர் கொஞ்சமும் அசராமல், "அது விண்டோஸ் ஃபீச்சர் சார்" என்றார். மசால் தோசைக்கு பில் போட்டு வெறும் தோசையை வைத்துவிட்டு, மசாலா அடுத்த கிளையில் சார் என்றால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

இது ஏதோ ஒரு நிறுவனத்தின் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் துறையின் சரித்திரமே இப்படித்தான். எக்செல் பிறந்தது மேக்கில், 1985-ல். விண்டோஸுக்கு அது வந்தது 1987-ல்தான். அப்படிப் பிறந்த இடத்தில் இன்றைக்கு பல அட்டவணைகளை இணைத்து அலசும் பவர் பிவட் கிடையாது. மேக்குக்கான ஆபீஸ் 2008-ல் விபிஏ மேக்ரோவையே, அதாவது திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைத் தானாகச் செய்ய எழுதும் சிறு நிரலையே, எடுத்துவிட்டார்கள். ஆப்பிள் பவர்பிசி சிப்பிலிருந்து இன்டெல்லுக்கு மாறியபோது அந்தப் பழைய எஞ்சினைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது, அதற்கு நேரமில்லை என்று முடிவு செய்தார்கள். 2011 பதிப்பில் திரும்பக் கொண்டுவந்தார்கள். இடையில் மேக்ரோவை நம்பிப் பிழைத்தவர்கள் பழைய பதிப்பையே கட்டிக்கொண்டு அழுதார்கள். எதிர்த் திசையிலும் உதாரணம் உண்டு. இசைக்கலைஞர்கள் பயன்படுத்தும் லாஜிக் என்ற மென்பொருள் விண்டோஸிலும் ஓடிக்கொண்டிருந்தது. 2002-ல் ஆப்பிள் அதைத் தயாரித்த நிறுவனத்தை வாங்கியது, விண்டோஸ் பதிப்பை நிறுத்தியது, கதை முடிந்தது.

என்னைப் போன்ற கணக்கர்களுக்கு மறக்க முடியாத வித்தியாசம் ஒன்று உண்டு, தேதி. எக்செல் தேதியை நாள் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கிறது. விண்டோஸில் 1900-லிருந்து எண்ணும், பழைய மேக் பதிப்புகளில் 1904-லிருந்து எண்ணும். இரண்டுக்கும் இடைவெளி 1,462 நாட்கள். (1900-ஐ லீப் வருடம் என்று தப்பாக எண்ணிய லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளுக்கு ஒத்துப்போக எக்செல்லும் அந்தத் தப்பை அப்படியே வைத்துக்கொண்டது. 1904-லிருந்து தொடங்கினால் அந்த வம்பு இல்லை.) அந்தக் கால மேக் கோப்பில் 1 ஏப்ரல் 2010 என்று இருப்பதை எடுத்து விண்டோஸ் கோப்பில் ஒட்டினால் 31 மார்ச் 2006 ஆகிவிடும். நிதியாண்டின் முதல் நாள், வேறொரு நிதியாண்டின் கடைசி நாளாக மாறி நிற்கும். இதிலும் எச்சரிக்கை வராது, பார்ப்பதற்கு ஒழுங்கான தேதிதான்.

தமிழிலேயே வேலை செய்கிறவர்களிடம் கேட்டால் இன்னொன்று சொல்வார்கள். மேக்கில் இணைமதி எழுத்துரு கூடவே வந்தது, மேக்கோடு வரும் டெக்ஸ்ட்எடிட் செயலியில் தமிழ் அழகாகத் தெரிந்தது. அதே கணினியில் வேர்ட் 2011-ஐத் திறந்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கும். விண்டோஸ் வேர்டில் வெகுகாலம் முன்பே சரியாகிவிட்ட விஷயம் இது. மேக்கில் 2016 பதிப்பு வந்த பிறகுதான் சீரானது. இன்றைக்கும் விண்டோஸில் நிர்மலா எழுத்துருவில் அடித்த மலரை மேக்கில் திறந்தால், அந்த எழுத்துரு அங்கே இல்லாவிட்டால் வேறொன்று வந்து உட்காரும், பக்கம் கூடும் அல்லது குறையும். சங்க மலர் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

உங்கள் பக்கத்துச் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. நானும் நாலு மேக்ரோ எழுதுகிறவன். ஒரே பெயரில் வருகிற பில்களைக் கூட்டிச் சேர்க்க ஸ்கிரிப்டிங் டிக்‌ஷனரி என்று ஒன்றைப் பயன்படுத்துவோம். அது எக்செல்லுடையதே அல்ல, விண்டோஸின் பாகம். அதனால் மேக்கில் 429 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடும். கோப்புக்குள் பொத்தான், பட்டியல் என்று வைக்க உதவும் விண்டோஸின் ஆக்டிவ்எக்ஸ் என்று எதுவும் மேக்கில் கிடையாது. மேக்கிலோ ஆபீஸ் தனக்கென ஒரு வேலிக்குள் ஓடுகிறது, மேக்ரோ ஒரு கோப்பைத் தொட வேண்டுமென்றாலும் அனுமதி கேட்கிறது. இதையெல்லாம் இரண்டு இடத்திலும் ஒன்றுபோலச் செய்ய இரண்டு குழு வேண்டும், இரண்டு மடங்கு சோதனை வேண்டும். மேக் வாடிக்கையாளர் எண்ணிக்கை குறைவு என்று மேனேஜர் சொன்னதும் அந்த வசதி அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். சரி, தள்ளட்டும். தள்ளியதை எங்களிடம் சொல்ல ஒரு குழுவும் வேண்டாமே.

சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கட்டட, இயந்திர வரைபடம் போடும் ஆட்டோகேட் பல வருடம் மேக்கை விட்டுப் போயிருந்து 2010-ல் திரும்பி வந்தது. இன்றும் இரண்டும் ஒன்றல்ல. ஆனால் எதில் என்ன உண்டு, எதில் இல்லை என்று அவர்களே ஒப்பிட்டுப் போட்டிருக்கிறார்கள். ஜிஎஸ்டி கணக்கை இணையம் இல்லாமல் தயாரிக்க அரசு தரும் ரிட்டர்ன்ஸ் ஆஃப்லைன் டூல் மேக்கிலும் லினக்ஸிலும் ஓடாது என்று அரசுத் தரப்பே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அரசாங்கம் இப்படிச் செய்யலாமா என்பது வேறு சண்டை, இன்னொரு மடலுக்கு வைத்துக்கொள்கிறேன். குறைந்தபட்சம் யாரும் ஏமாறவில்லை. லிப்ரெஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளை எடுத்துக்கொண்டால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி கிடைக்கிறது, அதுவும் இலவசமாக.

நான் கேட்பதில் முதலாவதும் முக்கியமானதும் இது: உங்கள் மென்பொருளுக்குப் புரியாத எதுவும் கோப்பில் இருந்தால், அதைத் தொடாமல் அப்படியே திருப்பி எழுதுங்கள். காட்ட முடியாவிட்டால் பரவாயில்லை, அழிக்காதீர்கள். அதுவும் முடியாது என்றால் சேமி என்பதை அழுத்தும் முன்பே, இந்தக் கோப்பில் இன்னின்னது போய்விடும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "சில அம்சங்கள் ஆதரிக்கப்படாமல் போகலாம்" என்கிற மாதிரி மழுப்பல் வேண்டாம். அப்புறம், இல்லாத வசதியை மெனுவிலிருந்து மறைத்துவிடாமல் மங்கலாகவாவது காட்டுங்கள். தேடித் தேடிப் பார்த்து, தங்களுக்குத்தான் தெரியவில்லை என்று கூசிப்போகும் கடைக்காரர்களை நான் பார்க்கிறேன். ஒப்பீட்டுப் பட்டியலை விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள், உதவிப் பக்கத்தின் அடியில் வேண்டாம். சந்தா ஒன்றே என்றால் விற்பனையாளருக்கும் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

சோதனைக் குழுவில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. விண்டோஸில் உருவாக்கி, மேக்கில் ஒரே ஒரு வரியைத் திருத்திச் சேமித்து, மறுபடி விண்டோஸில் திறந்து பாருங்கள். மொத்தத் தொகையைப் பார்த்து பாஸ் போடாமல் பிரிப்புகள், குறிப்புகள், தேதிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாதிரித் தரவில் எல்லாமே "டெஸ்ட் 1, டெஸ்ட் 2" என்றுதான் இருக்கும் என்பது தெரியும். நிஜமான கணக்கு வேண்டுமென்றால் கேளுங்கள். பெயர்களை நீக்கி, பேட்ச் வாரியான மருந்து இருப்பும் இரண்டு குடோன் கணக்கும் உள்ள கோப்பு ஒன்றைத் தருகிறேன், வாடிக்கையாளரிடம் சம்மதம் வாங்கியாகிவிட்டது. எங்களுக்கு ஜிஎஸ்டி படிவங்கள் தாக்கல் செய்யும் கெடு உண்டு: 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி. இரண்டுக்கும் நடுவில் கூப்பிடாதீர்கள், 20-க்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து ஒரு கணக்கர்