அந்த டப்பாவைத் தூக்கிப் போடாதே

அன்புள்ள கயல்,

பக்கத்து வீட்டுப் பாட்டி தந்த இனாகோ டப்பாவைத் திறக்காமலே ஃபிரிட்ஜில் பின்னுக்குத் தள்ளிவிட்டாயாமே. "வெட்டுக்கிளிப்பா, கண்ணு, காலு எல்லாம் அப்படியே இருக்கு" என்று நீ சொன்னபோது உன் முகம் போன விதம் போனிலேயே தெரிந்தது.

ஜப்பானில் நீ இருக்கும் நாகானோவுக்குக் கடல் கிடையாது அம்மாடி. கடல் மீன் எளிதில் எட்டாத அந்த மலை ஊர்களுக்கு, அறுவடை சமயத்தில் நெல் வயலில் துள்ளும் வெட்டுக்கிளி நல்ல சத்துணவு. பிடித்ததை ஓர் இரவு துணிப்பையில் போட்டு வைத்து, வயிற்றில் உள்ளது வெளியேறியதும் அலசி, சோயா சாஸும் சர்க்கரையும் சேர்த்துச் சுண்ட வைப்பார்கள். நீ பார்த்துப் பயந்த அந்தப் பளபளப்பு வெறும் பாகுதான். அங்கே வந்திருந்தபோது நான் தின்று பார்த்தேன். முதலில் இனிப்பு, அப்புறம் உப்பு, கடைசியில் மொறுமொறுப்பு. பூச்சி வாடை துளியும் இல்லை. பின்னங்கால் உறுத்தினால் கிள்ளி எறிந்துவிட்டு, சூடான சோற்றோடு இரண்டு தின்று பார்.

உன் அப்பத்தா மழை விட்ட அந்தியில் ஈசல் பிடித்து, இறகைப் புடைத்து, அரிசியோடு வறுத்துத் தருவார். டவுசர் பையில் நிரப்பிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுவோம். நீ பிறப்பதற்குள் அந்தப் பழக்கம் நம் வீட்டைவிட்டே போய்விட்டது. இல்லையென்றால் இந்த டப்பா உன்னை இவ்வளவு மிரட்டியிருக்காது.

அதற்காக விநோதமாக இருப்பதெல்லாம் ருசி என்று சொல்ல மாட்டேன். ஒசாகா பக்கம் மினோவில் மேப்பிள் இலையை ஒரு வருடம் உப்பில் ஊறப்போட்டு, இனிப்பு மாவில் எள் கலந்து தோய்த்துப் பொரிக்கிறார்கள். இலைக்கென்று ஒரு ருசியும் இல்லை, தின்பது மாவைத்தான். உன் அம்மா மட்டும் பொட்டலத்தைக் கீழே வைக்கவில்லை. ஹகோனே ஓவாகுதானியில் விற்கும் கறுப்பு முட்டை ஒன்றைத் தின்றால் ஆயுள் 7 வருடம் கூடுமாம். முட்டையை அங்குள்ள வெந்நீர் ஊற்றில் வேகவைக்கும்போது நீரில் உள்ள இரும்பு ஓட்டில் ஒட்டி, ஹைட்ரஜன் சல்பைடு வாயுவோடு சேர்ந்து கறுக்கிறது, அவ்வளவுதான். உரித்தால் நம் வீட்டு அவித்த முட்டை!

குளிர்காலத்தில் உங்கள் நாகானோவின் இனா பக்கம் ஜாஸாமுஷி வரும். தென்ரியு ஆற்றுக் கற்களுக்கு அடியில் வாழும் புழு. உரிமம் வாங்கியவர்கள்தான் பிடிக்கலாம், அதுவும் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை மட்டும். விலை கொஞ்சம் கடிக்கும். எனக்காக ஒரு சின்ன டப்பா வாங்கி வை.

பாட்டியிடம் இனாகோ அவரே செய்ததா என்று கேள். ஆமாம் என்றால் எப்படிச் செய்தார் என்று முழுசாகக் கேட்டு எழுது.

இன்னொன்று. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்தப் பூச்சிகளும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். உனக்குக் கவலையில்லை. ஆனால் தம்பி அடுத்த மாதம் அங்கே வருகிறான். இறால் தின்றாலே அவனுக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும். அவன் வருவதற்குள் டப்பாவைக் காலி செய்துவிடு.

அன்புடன்,
அப்பா