ஆண்டறிக்கை: செயலாளர் வாசித்தளித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஆண்டு செயலவை ஆறு முறை கூடியது. பொங்கல் விழாவும் மாணவர்களுக்கான கட்டுரைப் போட்டியும் வழக்கம்போல் நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். நான் விரிவாகச் சொல்ல நினைப்பது நமது பினாங்குப் பயணத்தைப் பற்றி.

ஈப்போவிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பினோம். வாடகைப் பேருந்து வழியில் பழுதாகி இரண்டு மணி நேரம் போய்விட்டது. அதனால் 1808-இல் எழுந்த ஆச்சே பள்ளிவாசலையும் கடலோரம் மரக்கால்களில் நிற்கும் சீனக் குலத்தார் வீடுகளையும் பார்க்க முடியவில்லை. வர முடியாமல் போன உறுப்பினர்கள் அடுத்த முறை இவற்றையும் பார்க்கலாம்.

பினாங்கிலுள்ள ஜார்ஜ்டவுன், 1786-இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் அமைத்த துறைமுக நகரம். 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே பழைய பிட் தெருவில், தேவாலயத்திலிருந்து பள்ளிவாசல் வரை நடக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. அந்தப் பத்து நிமிடத்தை நாங்கள் மூன்று மணி நேரம் நடந்தோம்.

முதலில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். 1818-இல் கட்டி முடித்த அதன் வெள்ளைத் தூண்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்தது இது என்று தெரிந்ததும் எங்கள் பேச்சு நின்றுவிட்டது. நமது மூத்த உறுப்பினர் ஒருவர் தூணில் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். "பேரு தெரியாம போயிட்டாங்களேய்யா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்து, சீனர்கள் கருணைத் தெய்வமாக வணங்கும் குவான் யின் கோயில். ஊதுபத்திப் புகையில் கண் எரிந்தது. அங்கிருந்து சில எட்டு வைத்தால் மகாமாரியம்மன் கோயில். 1833-இல் எழுந்த அந்தக் கோயிலின் பின்பக்கம் பிட் தெருவைப் பார்த்திருக்கிறது. வாசல் குயின் தெருவில். தாண்டினால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம்களின் தலைவரான காதர் மைதீன் 1801-இல் தொடங்கியது. இன்று நாம் பார்க்கும் குவிமாடங்கள் இருபதாம் நூற்றாண்டில் வந்தவை. அப்புறம் சூலியா தெரு மூலையில் நாகூர் ஆண்டவருக்கான தர்கா. ஊரைவிட்டுக் கடல் தாண்டி வந்தவர்கள் தங்கள் ஆண்டவரையும் கூடவே அழைத்து வந்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சின்னக் கட்டடம்தான் எல்லாவற்றிலும் பெரிதாகத் தெரிந்தது.

மாலையில் கூ கொங்சி. 1901-இல் எரிந்து, 1906-இல் மீண்டும் எழுந்த, கூ என்ற சீனக் குலத்தாரின் குலக்கூடம். கூரையில் பூவும் பறவையுமாகத் தெரிபவை வண்ணப் பீங்கானை வெட்டி ஒட்டியவை என்று கேட்டதும், பிள்ளைகள் வெயிலையும் பார்க்காமல் தலை நிமிர்த்தி ஒவ்வொன்றாகத் தேடினார்கள்.

ஒரு குறை உண்டு. தேவாலயம் பற்றிப் பிள்ளைகள் கேட்ட பல கேள்விகளுக்கு நம்மில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. எனவே அடுத்த பயணத்துக்கு முன் இரண்டு வாரம் நமது நூலக அறையில் இந்த வரலாற்றைப் படித்துப் பேச வேண்டும் என்றும், கட்டுரைப் போட்டியில் வெல்லும் மாணவர்களைச் சங்கச் செலவில் அழைத்துச் செல்ல வேண்டும் என்றும் செயலவை முன்மொழிகிறது. பொதுக்கூட்டத்தின் ஒப்புதலைக் கோருகிறேன்.

பேருந்தில் எல்லாருக்கும் இட்லி கட்டிக் கொடுத்த மகளிர் பிரிவுச் சகோதரிகளுக்கு நன்றி.

செயலாளர்