குமிழ் காட்டும் 180

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவும் குழந்தைகளும் நலமா? ஓவன் வாங்கியதையும், முதல் கேக் நடுவில் குழி விழுந்ததையும் எழுதியிருந்தாய். படித்துவிட்டுச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கும் அதே கதைதான்.

இந்த வாடகை வீட்டோடு ஒரு பழைய ஓவனும் சேர்ந்தே வந்தது. வேலை முடிந்து வரும்போதே வெளியே இருட்டிவிடும். பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. சரி, கேக்காவது செய்வோம் என்று இறங்கினேன். மூன்று வாரம், மூன்று கேக். மேலே கருகல், உள்ளே கொழகொழ. எனக்குக் கைராசி இல்லை என்றே முடிவுகட்டிவிட்டேன். கூட வேலை பார்க்கும் ஒரு பெரியவர்தான், "சூட்டைத் திருகி வைக்கும் குமிழை நம்பாதே, உள்ளே ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வைத்துப் பார்" என்றார். 180 டிகிரி செல்சியஸில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தேன். முள் 190-க்கு இறங்கும், 215-க்கு ஏறும், மறுபடி இறங்கும். ஓவன் சூட்டை விட்டுவிட்டுத்தான் தரும், அதனால் இந்த ஏற்ற இறக்கம் எல்லா ஓவனிலும் உண்டு. சராசரிதான் கணக்கு. என்னுடையது 20 டிகிரிக்கு மேல் கூடுதலாக எரிகிறது. இப்போது 160-க்கும் கீழேதான் வைக்கிறேன்.

தெர்மாமீட்டர் கிடைக்காவிட்டால் சர்க்கரை போதும். அது 186 டிகிரி வாக்கில் உருகும். ஓவன் நன்றாகச் சூடானபின் ஒரு ஸ்பூன் சர்க்கரையை அலுமினியத் தாளில் வைத்து 180-இல் கால் மணி நேரம் விடு. உருகினால் உன் ஓவனும் என்னுடையதைப் போல முரடு. உருகாவிட்டால் 190-க்கு ஏற்றி இன்னொரு கால் மணி. அப்போதும் அப்படியே இருந்தால் சூடு போதவில்லை.

அப்புறம், உண்மையைச் சொல், எத்தனை முறை கதவைத் திறந்தாய்? உன்னைத் தெரியாதா எனக்கு! பாதியில் கேக்குக்குள் வெறும் காற்றுக் குமிழிகள்தான், அவற்றைத் தாங்கும் மாவு இன்னும் இறுகியிருக்காது. திறந்ததும் சூடு சட்டென்று இறங்கும், நடுப்பகுதி அமுங்கிவிடும். முக்கால்வாசி நேரம் போகும்வரை கண்ணாடி வழியாகப் பார்ப்பதோடு சரி. பேக்கிங் பவுடர் அதிகமானாலும் குழி விழும், ஆனால் எனக்குச் சந்தேகம் கதவு மேல்தான்.

சூடாகிவிட்டதென்று காட்டும் ஓவன் விளக்கு அணைந்ததும் மாவை உள்ளே தள்ளிவிடாதே. அப்போது காற்றுதான் சூடாகியிருக்கும், சுவர்கள் சூடேற இன்னும் இருபது நிமிடமாவது வேண்டும். விசிறி ஓடும் ஓவன் என்றால் செய்முறைக் குறிப்பில் சொன்னதில் 20 டிகிரி குறைத்துக்கொள். கறுப்பு டின் ஓரத்தைச் சீக்கிரம் சிவக்கவைக்கும், வெள்ளி நிற டின்தான் எனக்குப் பிடித்தது.

போன ஞாயிறு ட்ரே முழுக்க ரொட்டித் துண்டுகளை அடுக்கி வைத்துப் பார்த்தேன். பின்பக்கம் இடது மூலையில் இருந்தவை கருஞ்சிவப்பு, முன்வரிசை வெள்ளைவெளேர். அதனால் இப்போதெல்லாம் முக்கால் நேரம் கழிந்ததும் டின்னை அரைச் சுற்றுத் திருப்பி வைத்துவிடுகிறேன். அந்த ரொட்டிகள்தான் இரண்டு நாளாக எனக்குக் காலைச் சாப்பாடு. அம்மாவிடம் சொல்லாதே.

சர்க்கரை உருகியதா, இல்லையா? அடுத்த கடிதத்தில் முதல் வரியிலேயே எழுது.

அன்புடன்,
உன் தம்பி